சிலபஸை எழுதுவது யார்?

பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும் கூட்டத்தில் அதிகம் காதில் விழும் வார்த்தை எது என்று ஒரு போட்டி வைத்தால், "அவுட் ஆஃப் சிலபஸ்" என்பதுதான் முதல் பரிசை வாங்கும். நாம் அப்படிச் சொல்லும்போது ஏதோ அரசியல் சட்டத்தையே மீறிவிட்டார்கள் என்ற கோபம் இருக்கும். ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஆறேழு தலைப்பு, கடைசியில் புத்தகப் பட்டியல். இதை யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். யார்? எப்போதிலிருந்து? ஒரு நல்ல சிலபஸை எப்படித் தயாரிப்பது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட இந்த "யார்" என்ற கேள்விதான் சுவாரசியமாகப் பட்டது. வரலாற்றைப் புரட்டினால் "எப்படி" என்பதற்கும் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். சிலபஸ் என்ற சொல்லே ஓர் அச்சுப்பிழை! ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் "சிட்டுபா" என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். அந்தக் காலத்துப் புத்தகம் என்பது சுருள். சுருட்டி அடுக்கி வைத்தால் எது எந்தப் புத்தகம் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு சுருளிலும் ஒரு சின்னத் தோல் சீட்டைத் தொங்கவிடுவார்கள். அந்தச் சீட்டின் பெயர்தான் அது. 15ஆம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சடித்தபோது சொல்லைத் தவறாகப் படித்து வேறு எழுத்துக்களில் கோத்துவிட்டார்கள். பிழை நிலைத்துவிட்டது. "புத்தகத்தின் மேல் தொங்கும் சீட்டு" என்ற அந்தப் பழைய அர்த்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் சீட்டு, அவ்வளவுதான். நம் ஊரில் அது எப்படிப் புத்தகத்தைவிடப் பெரியதாக வளர்ந்தது என்பதுதான் கதை.

1857. சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த அதே வருடத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்களை ஆங்கிலேயர்கள் தொடங்கினார்கள். சென்னையின் சட்டம் செப்டம்பர் 5 அன்று வந்தது. இந்த மூன்றுக்கும் முன்மாதிரி ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ அல்ல, லண்டன் பல்கலைக்கழகம். 1836இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பாடமே நடத்தாது. பரீட்சை வைக்கும், பட்டம் தரும். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. நம் ஊரிலும் அதே ஏற்பாடுதான். பல்கலைக்கழகம் என்றால் ஒரு செனட், சில தேர்வாளர்கள், ஒரு பதிவாளர். எந்தப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் என்ற பட்டியலை அது வெளியிடும். கல்லூரி ஆசிரியர் அதை நடத்திக்கொடுக்க வேண்டும். வகுப்பில் நிற்பவருக்குப் பட்டியலை எழுதும் உரிமையும் இல்லை, கேள்வித்தாளை எழுதும் உரிமையும் இல்லை.

இதை ஒரு சின்ன நிர்வாக விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். "போர்ஷன் முடிக்கணும்" என்று நம் ஆசிரியர்கள் ஜனவரி மாதத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறார்களே, அந்த ஓட்டத்தின் தொடக்கப் புள்ளி இங்கேதான் இருக்கிறது. சிலபஸ் என்பது வகுப்பறைக்காக எழுதப்பட்டதே இல்லை, பரீட்சைக்காக எழுதப்பட்டது. (சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளைதான் பிறகு 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர்.)

அந்தச் சீட்டு என்னவெல்லாம் செய்தது என்று பார்க்க, கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குப் போகலாம். காவிரிக்கரையில் இருக்கும் ஒரே கல்லூரியில், கால் நூற்றாண்டுக்குள் இரண்டு கதைகள்.

முதல் கதை உ.வே. சாமிநாதையருடையது. 1880இல் அவர் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவர் படித்த விதம் முற்றிலும் வேறு. 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அங்கே எழுதி வைத்த சிலபஸ் கிடையாது. ஆனால் ஒழுங்கு இருந்தது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று சிற்றிலக்கியங்களில் ஆரம்பித்துப் புராணங்களுக்குப் போவார்கள். மாணவன் எதைத் தாங்குவான், அடுத்து எதைக் கொடுக்கலாம் என்று ஆசிரியர் அவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். இன்றைக்கு "மாணவர் மையக் கல்வி" என்று பவர்பாயின்ட் போட்டுச் சொல்வதை அவர் திண்ணையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். மகாவித்துவான் 1876இல் மறைந்தார்.

1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் தான் படித்த நூல்களை வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அத்தனை வருடம், தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியரிடம் படித்தும் அந்த நூல்கள் கண்ணில் படவில்லை. ஏனென்றால் மரபு வழிப் பாடத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. சமண நூலும் பௌத்த நூலும் சைவ மடத்துப் பாடத்தில் எப்படி வரும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மடத்தில் இடம் கிடைக்காத சிந்தாமணியின் ஒரு துண்டு, அதாவது நாமகள் இலம்பகம், அதற்கு முன்பே அச்சாகியிருந்தது. 1868இல் ஹென்றி பவர் என்ற பாதிரியார் நச்சினார்க்கினியர் உரையோடு அதை வெளியிட்டார். பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்குத் தேவைப்பட்ட புத்தகம் அது. ஆக, வெள்ளைக்காரனின் பரீட்சைப் பட்டியல் ஒரு சமணக் காப்பியத்தின் ஒரு மூலையைத் திறந்து வைத்திருந்தது. முழுக் கதவையும் திறந்தது சாமிநாதையர். முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு, புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுக் கேட்டு, 1887இல் சிந்தாமணியை முழுசாகப் பதிப்பித்தார். பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று நீண்ட வரிசை.

எனக்கு இதில் தோன்றுவது: ஆசிரியருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மை இல்லை. மகாவித்துவானுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. ஆனால் தான் படித்ததைத்தான் அவரும் நடத்தினார். எந்தப் பட்டியலுக்கும் வெளியே ஏதோ இருந்துகொண்டேதான் இருக்கிறது. வெளியே இருப்பதைப் பற்றிக் கேட்க ஒரு முன்சீப் வர வேண்டியிருந்தது!

இரண்டாவது கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். மறு வருடம் அதே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் ராமானுஜன். கணக்கில் மட்டும் மூழ்கிக் கிடந்ததால் மற்ற பாடங்களில் கோட்டை விட்டார், உதவித்தொகை போனது. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எஃப்.ஏ. பரீட்சையில் 1906இல் ஒரு தடவை, 1907இல் ஒரு தடவை தோற்றார். உடலியல் பாடமும் அவரைக் காலை வாரிய பாடங்களில் ஒன்று. உலகம் கண்ட மிகப் பெரிய கணித மூளைகளில் ஒன்று, இன்றைய கணக்கில் சொன்னால் அரியரோடு கல்லூரியை விட்டுப் போனது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "பார்த்தீர்களா, சிலபஸ் வேஸ்ட்" என்று முடிக்கிறவர்கள் நிறைய. அவ்வளவு சுலபம் இல்லை. ராமானுஜனின் கைக்குப் பள்ளி முடிக்கும் காலத்திலேயே ஒரு புத்தகம் வந்தது: ஜி.எஸ். கார் எழுதிய தொகுப்பு, ஆயிரக்கணக்கான தேற்றங்களின் வரிசை, பெரும்பாலானவற்றுக்கு நிரூபணமே கிடையாது. அந்தப் புத்தகம்தான் அவரைக் கிளப்பிவிட்டது. அது என்ன புத்தகம் தெரியுமா? கார் ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர். கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் பரீட்சைக்குத் தயார் செய்யும் மாணவர்களுக்காக அவர் சேர்த்து வைத்த குறிப்புகள்தான் அது. நம் ஊர் பாஷையில் சொன்னால் கைடு! ஒரு பரீட்சைக்கான கைடு ஒருவரை உருவாக்கியது. இன்னொரு பரீட்சை அவரை வெளியே தள்ளியது.

இந்தச் சிக்கல் ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. கர்சன் காலத்தில் 1902இல் அமைத்த பல்கலைக்கழகக் கமிஷனே, இந்தியாவில் பாடத்துக்காகப் பரீட்சை என்று இல்லாமல் பரீட்சைக்காகப் பாடம் என்று ஆகிவிட்டதுதான் மிகப் பெரிய கேடு என்று எழுதியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949இல், ராதாகிருஷ்ணன் கமிஷன் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் அது பரீட்சையில்தான் என்றது. இடையில் 47 வருடம். அதற்குப் பிறகும் எத்தனையோ கமிட்டிகள், விட்டுவிடுவோம்.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். அமெரிக்கக் கல்லூரிகளில் சிலபஸ் என்றால் பெரும்பாலும் அந்த வகுப்பை நடத்துகிறவர் எழுதி முதல் நாள் கையில் கொடுக்கும் தாள். அவரே கேள்வி கேட்பார், அவரே மார்க் போடுவார். இந்தச் சுதந்திரம் என்ன செய்யும் என்பதற்குப் பிரபலமான உதாரணம் ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன். 1941இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு வகுப்பு எடுத்தார். ஐரோப்பிய இலக்கியத்தில் விதியும் தனி மனிதனும் என்பது தலைப்பு. சிலபஸ் ஒரே பக்கம். தாந்தேயின் காவியம், தாஸ்தாயெவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள், மோபி டிக், அகஸ்டினின் ஒப்புதல்கள், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நான்கு, காஃப்காவின் நாவல், இது போதாதென்று ஆபராக்களின் பாட்டுப் புத்தகங்கள் வேறு. கூட்டிப் பார்த்தால் ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 6000 பக்கம். அது இரண்டே கிரெடிட் பாடம். அந்தத் தாளின் படம் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் "ஆஹா" என்கிறார்கள். ஒரு மாணவனாக எனக்கு "ஐயோ" என்றுதான் வருகிறது. அந்தச் சீட்டு ஆடனின் மண்டைக்குள் என்ன இருந்தது என்று அழகாகக் காட்டுகிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைக் காட்டவில்லை.

ஆடனுக்கு இருபது வருடம் முன்பே நியூயார்க்கின் கொலம்பியாவில் இதைவிட நிதானமான ஒன்று நடந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் படையில் சேரும் மாணவர்களுக்கு "இந்தப் போர் எதற்காக" என்று ஒரு பாடம் நடத்தச் சொன்னார்கள். போர் முடிந்ததும், போருக்கு ஒரு பாடம் இருந்ததே, சமாதானத்துக்கு ஒன்று வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். 1919இல் "சமகால நாகரிகம்" என்ற பாடம் முதலாண்டு மாணவர் எல்லாருக்கும் கட்டாயமாக வந்தது. பல துறை ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிலபஸை எழுதி அச்சடித்தார்கள், பிறகு திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். அதே கல்லூரியில் ஜான் எர்ஸ்கின் வாரத்துக்கு ஒரு பெரிய புத்தகம் என்று 1920இல் இன்னொரு வகுப்பைத் தொடங்கினார். ஒரு வாரத்தில் ஹோமரைப் புரிந்துகொள்ள முடியுமா என்று சக பேராசிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். இந்தப் புத்தகங்களெல்லாம் ஒரு காலத்தில் சாதாரண ஜனங்கள் படிக்க எழுதியவைதானே என்பது அவர் பதில். அந்தப் பட்டியலும் சண்டையிலிருந்து தப்பவில்லை. கொலம்பியா கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1983இல்தான். கட்டாய இலக்கியப் பாடத்தில் ஜேன் ஆஸ்டின் நுழைந்தது 1985இல்.

இயற்பியல் நண்பர்கள் கோபிக்கக் கூடாது, ஃபெய்ன்மனுக்கு வருகிறேன். 1960 வாக்கில் கால்டெக்கில் ஒரு கவலை. சார்பியல், குவாண்டம் என்று கேள்விப்பட்டு ஆசையோடு வரும் பிள்ளைகள் இரண்டு வருடம் சாய்தளத்தில் கட்டையை உருட்டிக்கொண்டு சோர்ந்துபோகிறார்கள். புதிய பாடம் வேண்டும் என்று ராபர்ட் லேட்டன், மேத்யூ சாண்ட்ஸ் முதலானோர் முனைந்தார்கள். யார் நடத்துவது? ரிச்சர்ட் ஃபெய்ன்மன். 1961 முதல் 1963 வரை நடத்தினார். சிவப்பு அட்டை போட்ட மூன்று தொகுதிகள் அதிலிருந்து வந்தவைதான். இன்றும் நூலகத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலே ஒரு கெத்து.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே ஃபெய்ன்மன் மாணவர்களைப் பொறுத்தவரை தனக்குத் திருப்தி இல்லை என்று எழுதியிருக்கிறார். விரிவுரை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகளுக்கு எங்கே புரியவில்லை என்று திரும்பி வந்து சொல்ல வழி இல்லை. கணக்குகளை எப்படிப் போடுவது என்று நடத்தப் போதிய விரிவுரைகளும் இல்லை. போகப் போக இளங்கலை மாணவர்கள் குறைந்து, ஆராய்ச்சி மாணவர்களும் பேராசிரியர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள் என்று டேவிட் குட்ஸ்டீன் பின்னாளில் எழுதினார். சாண்ட்ஸ் அதை மறுத்தார். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். பொருளடக்கம் உலகத்திலேயே மிகச் சிறந்ததாக இருந்தும், பயிற்சியும் திரும்பக் கேட்கும் வழியும் சரியாகச் சேரவில்லை என்றால் பாடத்தை வடிவமைத்தவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நம் சிலபஸ் தாளில் தலைப்புகள் இருக்கும், மணி நேரம் இருக்கும். அந்த மணி நேரத்தில் நாம் என்ன செய்யப் போகிறோம் என்பது பெரும்பாலும் இருக்காது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் கல்வியியல்காரர்கள் வந்தார்கள். ரால்ஃப் டைலர் 1949இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நான்கு கேள்விகள் அதன் சாரம்: எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு எந்த அனுபவங்களைக் கொடுக்க வேண்டும், அவற்றை எப்படி அடுக்குவது, நினைத்தது நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது. முதலில் நோக்கம், பிறகுதான் புத்தகப் பட்டியல். 1956இல் பெஞ்சமின் புளூமும் நண்பர்களும் நினைவில் வைப்பதிலிருந்து மதிப்பிடுவது வரை கற்றலை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். இந்தப் படிகளை உருவாக்கியவர்கள் பல்கலைக்கழகத் தேர்வாளர்கள். கேள்விகளை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்ள வசதியாகத்தான் தொடங்கினார்கள்.

தேர்வாளர்களின் அந்த ஏணிதான் இப்போது நம் சிலபஸில் கே-1, கே-2 என்று வந்து உட்கார்ந்திருக்கிறது. 2014இல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானதும் பொறியியல் கல்லூரிகளில் இது வேகம் பிடித்தது. சி.ஓ., பி.ஓ. என்று கட்டம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை நிரப்புகிறார்கள். கட்டத்தை நிரப்பிய பிறகு வகுப்பில் ஏதாவது மாறியதா என்று உங்கள் கல்லூரியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டைலரின் நான்காவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் கேள்வியை விட்டுவிட்டால் 1857க்குத்தான் திரும்பிப் போகிறோம் என்பது என் எண்ணம்.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1978இல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுத்தார்கள். நூற்றிருபது வருடத்துக்குப் பிறகு, வகுப்பெடுக்கிறவர்களே பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து தங்கள் சிலபஸை எழுதலாம் என்று ஆனது. அதை நன்றாகப் பயன்படுத்திய துறைகள் உண்டு. பல்கலைக்கழக சிலபஸையே எடுத்து நான்காம் யூனிட்டை இரண்டாம் யூனிட்டாக மாற்றிவைத்த துறைகளும் உண்டு.

எழுதுவது யார் என்று கேட்டோம். அழிப்பது யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆனர்ஸ் பாடத்தில் ஏ.கே. ராமானுஜனின் முந்நூறு ராமாயணங்கள் பற்றிய கட்டுரை இருந்தது. (இவர் கணித மேதை அல்ல, குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்.) வான்மீகியின் அகலிகையும் கம்பனின் அகலிகையும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ஒரு கதை ஊர் விட்டு ஊர் போகும்போது என்ன ஆகிறது என்று வரலாறு படிக்கிறவனுக்குச் சொல்லித்தர அதைவிட நல்ல கட்டுரை கிடைப்பது கஷ்டம். 2008 பிப்ரவரியில் ஒரு கும்பல் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், நான்கு நிபுணர்கள் கொண்ட குழு அமைந்தது. நால்வரில் மூவர் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம். ஆனாலும் 2011 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு அதை நீக்கிவிட்டது. வரலாற்றுத் துறை கேட்டுக்கொண்டது எடுபடவில்லை.

தூரத்து டெல்லி என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், எம்.ஏ. ஆங்கிலத்தில் மூன்று வருடமாக இருந்த அருந்ததி ராயின் புத்தகத்தை ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பிறகு எடுத்துவிட்டது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர், எனக்கு மிகவும் பிடித்தவர். ஆனால் மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் நடந்ததைப் பற்றிய புத்தகத்துக்கு யானைகளையும் மான்களையும் எழுதியவர் எப்படி மாற்று ஆவார்? காடு என்ற ஒற்றுமை தவிர! அந்தப் புத்தகம் பிடிக்காதவர்கள் இருப்பார்கள். பிடிக்காததைப் படித்து, ஏன் பிடிக்கவில்லை என்று பத்து மார்க்குக்கு எழுதுவதற்குத்தானே எம்.ஏ. வகுப்பு?

டெல்லி விவகாரத்தில் பின்னால் ஒரு சின்னத் திருப்பம் உண்டு. ராமானுஜனின் அந்தக் கட்டுரை உள்ள தொகுப்பை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 2008க்குப் பிறகு அச்சிடாமல் விட்டிருந்தது. பல நாட்டு அறிஞர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டதும், 2011 கடைசியில் மறுபடி அச்சிடுவதாக அறிவித்தது. புத்தகம் கடைக்குத் திரும்பிவிட்டது. சீட்டில் அதன் பெயர் மட்டும் திரும்பவில்லை.